இறங்கிய ஈறு

பல்லின் கழுத்தை மூடியிருக்கும் சதை தன் இடத்தை விட்டு வேர்ப்பக்கம் விலகுவதே ஈறு இறங்குதல். மேல்வரிசையில் அது மேலே ஏறும், கீழ்வரிசையில் கீழே போகும். பேச்சுவழக்கில் இரண்டுமே இறங்கியதுதான். சிறுமலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் "ஈறு கரைஞ்சு போச்சு" என்பார்கள். அதைவிட அதிகமாக, "பல்லு நீண்டுருச்சு" என்பார்கள். வளர்ந்த பல் நீள்வதில்லை. வேரை மூடியிருந்த சதை விலகி, அதுவரை வெளிச்சம் படாத மஞ்சள் பகுதி தெரிகிறது; பார்ப்பவருக்கு அது நீளமாகப் படுகிறது.

அந்த மஞ்சள் பகுதிதான் தொல்லை. பல்லின் தலைப்பகுதியைப் போர்த்தியிருக்கும் எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். வேருக்கு அந்தப் போர்வை கிடையாது. சிமெண்டம் என்னும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். வெளியே தெரிந்த பிறகு அது சீக்கிரம் தேய்ந்து, அடியிலுள்ள டென்டின் திறந்துகொள்ளும். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் நீர்மம் இருக்கிறது. குளிர்ந்த நீரோ காற்றோ பட்டால் அந்த நீர்மம் அசைந்து உள்ளே இருக்கும் நரம்பைத் தூண்டுகிறது. 1960களில் ஸ்வீடன் நாட்டுப் பல் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் பல்கூச்சத்துக்குத் தந்த இந்த விளக்கமே இன்றும் ஏற்கப்படுகிறது. மார்கழிக் காலையில் சிறுமலைத் தொட்டித் தண்ணீரில் வாய் கொப்பளித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை; ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

இங்கே சொல்லப்படுவது சிறுமலைப் பழையூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டு தலைமுறைகளின் வாயில் நடந்தது. மலைவாழையும் எலுமிச்சையும் காபியும் ஊடுபயிராக நின்ற தோட்டத்து வீடு. 1970களில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழையைத் தின்றுதீர்க்கும் வரை தார்கள்தான் அந்த வீட்டின் பணம். தோட்டத்திலிருந்து பாதை வரைக்கும் குதிரைதான் சுமை தூக்கியது; இன்றைக்கும் சிறுமலையில் அது மாறவில்லை. பல்லுக்கென்று காசு செலவழிக்கும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அடுப்புக்கரியை அம்மியில் நுணுக்கி உப்புச் சேர்த்து ஒரு சிரட்டையில் வைத்திருப்பார்கள். கரி தீர்ந்த நாளில் சாம்பல், சாம்பலும் சலித்தால் செங்கல்தூள். சந்தைக்குக் கீழே இறங்கியவர்கள் திரும்பும்போது வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டு வருவார்கள்.

குச்சி மோசமான கருவி அல்ல. நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி, ஈறிலிருந்து பல்லை நோக்கி இழுத்தால் முன்பற்களைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் பல்லின் உட்பக்கத்துக்கும் கடைசிக் கடைவாய்க்கும் அது போய்ச் சேராது. கரியும் செங்கல்தூளும் வேறு வகை. அவை அழுக்கோடு சேர்த்துப் பல்லையும் அரைத்தெடுக்கின்றன. ஈறு இறங்கி வேர் தெரிந்த இடத்தில் அந்த அரைப்பு இன்னும் வேகமாக நடக்கும். விளக்கி முடித்ததும் பல் வழவழவென்று இருப்பதால் சுத்தமானதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. நாட்டு மருந்து என்ற பெயரில் கரிப்பொடி இப்போது அழகான டப்பாவில் விலைகூடித் திரும்பி வந்திருப்பதற்கும் அந்த எண்ணமே காரணம்.

வீட்டின் அப்பத்தாவுக்குப் புகையிலைப் பழக்கம். திண்டுக்கல் சீமையில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் திண்டுக்கல் சுருட்டு கப்பலேறியது. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் போயிலை. மென்றதை இடது கீழ்க் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டே களையெடுப்பார். பல ஆண்டுகள் ஒதுக்கிய இடத்தில், அந்த இடத்தில் மட்டும், ஈறு வெகுவாக இறங்கியிருந்தது. பக்கத்துச் சதை வெளுத்துச் சுருங்கியிருந்தது. புகையிலை வைக்கும் இடத்திலேயே ஈறு இறங்குவது பல் மருத்துவர்கள் நன்கறிந்த அடையாளம். எந்தப் பக்கம் ஒதுக்குகிறார் என்று கேட்காமலே சொல்லிவிடுவார்கள். வெளுத்த சதை அதைவிடக் கவலைக்குரியது. அது புற்றாக மாறக்கூடும் என்பதால் உடனே காட்டியாக வேண்டும். புகைப்பவர்களுக்கு வேறொரு கெடுதல் நடக்கிறது. நிகோடின் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், நோயுற்ற ஈறிலிருந்தும் இரத்தம் குறைவாகவே வரும். எச்சரிக்கை மணி அடிக்காததால், எலும்பு கரைந்து பல் ஆடும்போதுதான் தெரியவரும்.

அப்பத்தாவின் மற்றப் பற்களில் நடந்தது எல்லோருக்கும் பொதுவானது. விளக்கிய சில மணிநேரத்தில் பல்மேல் கிருமிகள் ஒட்டிப் படலமாகப் படிகின்றன. நாட்டில் ஊத்தை என்பது இதைத்தான். அதை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து சில நாட்களில் இறுகத் தொடங்கும். இறுகியபின் பெயர் காரை. கீழ் முன்பற்களின் உட்பக்கமும் மேல் கடைவாயின் வெளிப்பக்கமும் அதற்குப் பிடித்த இடங்கள், ஏனென்றால் எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. காரையின் சொரசொரப்பில் மேலும் கிருமி தங்கும். ஈறு வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இயல்பாக 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் பள்ளம் பையாக ஆழமாகும். பைக்கு அடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். எலும்பு போனால் ஈறும் அதன்பின் போகும். இதையெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பயோரியா என்றார்கள்; பல்பொடி விளம்பரங்கள் வழியாக மலைக்கும் வந்து சேர்ந்த சொல் அது.

காரையை எடுக்கப் போகலாம் என்று யாராவது சொன்னால் அப்பத்தாவின் பதில் தயாராக இருக்கும்: "காரையை எடுத்தா பல்லு ஆடும்ப்பா. அதுதான புடிச்சு வச்சிருக்கு." இந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை. திண்டுக்கல்லில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பல் மருத்துவரிடம் கேட்டாலும் இதைச் சொல்லி அலுத்துக்கொள்வார். இதில் அரைப்பங்கு உண்மை இருப்பதால்தான் இது நிலைத்திருக்கிறது. எலும்பு கரைந்துபோன பற்களைக் காரை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியிருக்கும். எடுத்ததும் அவை உண்மையில் எவ்வளவு ஆடுகின்றனவோ அவ்வளவு ஆடும். வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சுருங்கும். பல்லிடுக்கில் சந்து தெரியும், நாக்கு அங்கே போய்ப்போய் வரும், சில நாட்கள் கூசும். கிளீனிங் செய்ததால் ஈறு இறங்கியதாக நினைத்துக்கொண்டு அடுத்தமுறை போகாமலே இருப்பவர்கள் பலர். ஈறு முன்பே இறங்கிவிட்டது. வீக்கம் அதை மறைத்திருந்தது, அவ்வளவே. அப்பத்தா கடைசிவரை போகவில்லை. கீழ் முன்பற்கள் ஒவ்வொன்றாகத் தாமே விழுந்தன. வலி இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

வீட்டின் மூத்த பேரன் படிப்புக்காகத் திண்டுக்கல்லுக்கு இறங்கி அங்கேயே வேலையில் அமர்ந்தவர். அப்பத்தாவின் வாயைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் பல்லில் அதிகக் கவனம். முதலில், இலங்கை வானொலி காதில் போட்டுக்கொண்டே இருந்த கோபால் பல்பொடியை விரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு பிரஷ். கடையில் கேட்டு வாங்கியது கெட்டியான பிரஷ், ஏனென்றால் கெட்டியானதுதான் நன்றாகத் தேய்க்கும் என்பது அவர் எண்ணம். காலையிலும் இரவிலும் பூட்டுப் பட்டறையில் அரம் போடுவதுபோல் குறுக்கே இழுத்துத் தேய்த்தார். வாயில் துர்நாற்றம் இல்லை, காரை இல்லை, இரத்தம் இல்லை. நாற்பதை நெருங்கும்போது மேல்வரிசை இடப்பக்கக் கோரைப்பல்லும் அதையடுத்த பல்லும் கூசத் தொடங்கின. கண்ணாடியில் பார்த்தால் அந்த இரண்டிலும் ஈறு வளைவாக ஏறிப்போயிருந்தது. ஈறோரத்தில் நகத்தால் தடவினால் ஒரு வெட்டுப் பள்ளம்.

புகையிலையும் இல்லை, அழுக்கும் இல்லை, பிறகு எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேட இலங்கையின் மலையகம் வரை போக வேண்டும். ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டுப் பல் அறிஞர், 1969 முதல் 1988 வரை இரண்டு கூட்டத்தாரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரு கூட்டம் நார்வேயில் படித்தவர்கள். சிறுவயது முதலே ஒழுங்காகப் பல் விளக்கி மருத்துவரிடமும் போய்வந்தவர்கள். மற்றது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். பிரஷும் பல் மருத்துவமும் எட்டாதவர்கள். இந்த ஆய்வில் ஈறு இறங்குதல் பற்றிய பகுதி 1992இல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர்களில் 30 வயதுக்குள் 90 விழுக்காட்டினருக்கும், 40 வயதில் எல்லோருக்குமே ஈறு இறங்கியிருந்தது. பல்லின் வெளிப்பக்கம், உட்பக்கம், இடுக்கு என்று எல்லாப் பக்கமும். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது நார்வே கணக்கு. அங்கே 20 வயதிலேயே 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு ஈறு இறங்கியிருந்தது. 50ஐ நெருங்கும்போது 90 விழுக்காட்டைத் தாண்டியது. முக்கிய வேறுபாடு, இளவயதில் அவர்களுக்குப் பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டுமே இறங்கியது, அதாவது பிரஷ் அழுந்தும் பக்கத்தில். சுத்தமே இல்லாத வாயிலும் மிகச் சுத்தமான வாயிலும் இது நடப்பதால், ஈறு இறங்குவதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பழையூர் வீட்டில் அந்த இரண்டு வகையும் ஒரே கூரைக்கடியில் இருந்தன.

பேரனுக்கு இடப்பக்கம் மட்டும் ஏன் என்பதும் விளங்கக்கூடியதே. வலக்கைக்காரர்கள் பிரஷை வாயில் வைத்ததும் முதலில் போவது பெரும்பாலும் இடப்பக்கம்; பற்பசை முழுதாக இருக்கும், கையில் வேகமும் முழுதாக இருக்கும். கோரைப்பல் வரிசையின் முனையில் துருத்தி நிற்பதால் அடி முழுவதும் அதற்கே. அதன்மேல் எலும்பும் ஈறும் மற்ற இடங்களைவிட மெல்லியவை. பிறவியிலேயே ஈறு மெல்லியவர்களுக்கும், பல் வரிசை தப்பி வெளியே தள்ளியவர்களுக்கும் இது இன்னும் எளிதில் நேரும்.

பேரன் போய்ப் பார்த்த பல் மருத்துவர் செய்த முதல் வேலை அளந்து எழுதியது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லின் ஈறு மட்டத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் குறித்துக்கொண்டார். இரண்டாவது, கெட்டி பிரஷைத் தூக்கி எறியச் சொன்னார். பிறகு வந்ததுதான் பேரனுக்குப் பிடிக்காத செய்தி: இறங்கிய ஈறு தானாகத் திரும்ப வளராது. எந்தப் பசையும் எண்ணெயும் பொடியும் அதைக் கொண்டுவராது. அன்றாடப் பராமரிப்பின் வேலை மிச்சமிருப்பதை அங்கேயே நிறுத்திவைப்பது.

இதற்குரிய விளக்குமுறை திருத்திய பாஸ் முறை எனப்படுகிறது. சார்லஸ் பாஸ் பல் மருத்துவர் அல்ல; நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தவர், மலேரியா ஒட்டுண்ணியை ஆராய்ந்தவர். பிற்காலத்தில் பல்லின் பக்கம் திரும்பி, அழுக்கு முதலில் தங்குவது பல்லும் ஈறும் சேரும் கோட்டில்தான் என்பதால் பிரஷ் போகவேண்டிய இடமும் அதுவே என்றார். மென்மையான நார் கொண்ட சிறிய தலைப் பிரஷை, நார்நுனி ஈறோரத்தை நோக்கும்படி 45 பாகையில் சாய்த்து வைக்கவேண்டும். இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரஷ் இடம்பெயராமல் நுனி மட்டும் அதிரும்படி பத்துப் பதினைந்து முறை அசைத்து, பின் பல்லின் கடிக்கும் முனையை நோக்கி ஒதுக்கித் தள்ள வேண்டும். அடுத்து அடுத்த இரண்டு மூன்று பற்கள். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். பிரஷை முஷ்டியால் பிடிக்காமல் பேனாப் பிடியாக விரல்நுனியால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்த முடியாது. ஈறு ஏற்கெனவே மெலிந்த பற்களில் அதிர்வையும் குறைத்து, ஈறிலிருந்து பல்லுக்கு மெல்ல உருட்டினால் போதும். தொடக்கத்தைக் கீழ்ப்பற்களின் உட்பக்கத்துக்கு மாற்றுவது நல்லது. எல்லோரும் மறக்கும் பக்கத்துக்குக் கையின் புதுவேகமும், அடிபட்ட பக்கத்துக்குக் களைத்த கையும் கிடைக்கும்.

இரண்டு வேளையில் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்றால் காலையை விடலாம், இரவை விடக்கூடாது. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் கிருமிக்கு அதுதான் வேலை நேரம். நம் ஊரில் நேர்மாறாக, காலையில் வாசலில் நின்று ஊருக்கே தெரிய விளக்கிவிட்டு இரவில் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறோம். பிரஷின் நார் மூன்று மாதத்தில் மாற்றும் நிலைக்கு வரும். ஒரே மாதத்தில் நார் இருபுறமும் விரிந்து படுத்துவிட்டால், பிரஷின் மேல் குற்றமில்லை, கை அழுத்துகிறது.

பிரஷ் எவ்வளவு நல்லதாயினும் பல்லிடுக்குக்குள் நுழையாது. ஈறு இறங்கியவர்களுக்கு இடுக்குகள் அகலமாகிவிடுவதால் உணவு நிற்கும். திண்டுக்கல்லில் அது பெரும்பாலும் பிரியாணிக் கறியின் நார். சாப்பிட்டு எழுந்ததும் தீக்குச்சி, பல்குச்சி, தாலிக்கயிற்று ஊக்கு என்று கைக்குக் கிடைத்ததால் குத்துவார்கள். இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறு நுனியை இது கிழித்துத் தட்டையாக்குகிறது. இடுக்கு இன்னும் பெரிதாகி இன்னும் சிக்கும். இடுக்கு குறுகலாக இருந்தால் பல்நூல், அகலமாக இருந்தால் இடுக்குப் பிரஷ். மெல்லிய கம்பியில் சுற்றிலும் நார் வைத்த சின்னஞ்சிறு பிரஷ் அது. மருந்துக்கடையில் அளவு வாரியாகக் கிடைக்கிறது. இறுக்கித் திணிக்காமல் நுழையும் அளவே சரியான அளவு. முதல் சில நாட்கள் இரத்தம் வரும். அங்கே வீக்கம் இருப்பதற்கு அடையாளம் அது. பயந்து நிறுத்தினால் வீக்கம் தொடரும், ஒழுங்காகத் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பசையைப் பொறுத்தவரை விளம்பரத்தைவிட உறையின் பின்பக்கம் நம்பகமானது. ஃப்ளோரைடு இருக்க வேண்டும். வெளியே வந்த வேர் எனாமலைவிட எளிதில் சொத்தையாகும் என்பதால் ஈறு இறங்கியவர்களுக்கு இது கூடுதலாகத் தேவை. கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பசை உதவும், ஆனால் சில வாரமாவது தொடர்ந்து பயன்படுத்தினால்தான். வெண்மையாக்குவதாகச் சொல்லும் பசைகளில் பல கூடுதலாக அரைக்கக் கூடியவை. கூசும் பல்லுக்கு வேண்டாதவை. நிலக்கோட்டைப் பக்கம் போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அது பல் உருவாகும்போதே எனாமலுக்குள் ஏறியது. தேய்த்தால் போகாது, தேய்ப்பதில் போவது ஈறுதான். விளக்கியபின் பசையைத் துப்பிவிட்டு, வாளித் தண்ணீரில் கொப்பளித்துக் கழுவாமல் விட்டால் ஃப்ளோரைடு சற்றுநேரம் தங்கி வேலை செய்யும்.

சிறுமலை வீட்டில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. விலை விழுந்த வாரத்தில் ஆளுக்கு இரண்டு டம்ளர் சாறு. புளிப்பு பட்டதும் பல்லின் மேற்பரப்பு சற்று இளகும், வேர் இன்னும் எளிதில் இளகும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் இளகியது அப்படியே தேய்ந்துபோகும். சாறு குடித்தபின் வெறும் நீரில் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்தே விளக்க வேண்டும். பல்லை வெள்ளையாக்க எலுமிச்சைத் தோலால் தேய்ப்பது மலையில் ஒரு பழக்கம். அதைக் கேட்டதும் மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வெதுவெதுப்பான உப்புநீர் வீங்கிய ஈறுக்கு இதம் தரும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை. அது பிரஷின் இடத்தைப் பிடிக்காது, அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்பளிப்பு மருந்து கிருமியை நன்றாக அடக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், நாக்கில் சுவையைக் கெடுக்கும். மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டியது அது.

பல் விளக்குவதற்கு அப்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று புகையிலை, அதை விடாமல் மற்றவற்றைச் செய்வது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் வேலை. இன்னொன்று சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கு வராவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் வரிசையில் நிற்பவர்கள் அதே வளாகத்தின் பல் பிரிவை எட்டிப்பார்ப்பதில்லை என்பது அரசு மருத்துவமனைகளில் காணும் வேடிக்கை.

எவ்வளவு நன்றாக விளக்கினாலும் ஓரிடத்தில் காரை படியும். அதை வீட்டுக் கருவி எதுவும் எடுக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈறு நோய் உள்ளவர்களுக்கு மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து, பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அளவு கூடிக்கொண்டே போனால், அல்லது கூச்சம் எதற்கும் அடங்காவிட்டால், ஒட்டு அறுவை உண்டு: மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து இறங்கிய இடத்தில் வைத்துத் தைப்பார்கள். யாருக்கு இது பலிக்கும் என்பதற்கு மில்லர் 1985இல் நான்கு படிநிலை வகுத்தார். பல்லிடுக்கு எலும்பு கரையாமல், வெளிப்பக்க ஈறு மட்டும் இறங்கியிருந்தால் வேரை முழுதாக மூட வாய்ப்புண்டு. இடுக்கு எலும்பும் போயிருந்தால் ஓரளவே, மிகவும் போயிருந்தால் இல்லவே இல்லை. அழுத்தி விளக்கியவர்கள் பெரும்பாலும் முதல் வகையில் இருப்பார்கள், காரையை வளர்த்தவர்கள் கடைசி வகையில்.

பேரன் முதல் வகை. ஆனாலும் அறுவை தேவைப்படவில்லை. ஈறோர வெட்டுப் பள்ளத்தைப் பல்நிறப் பூச்சால் அடைத்ததும் கூச்சம் அடங்கியது. கோரைப்பல்லின் ஈறு மட்டம் அடுத்தடுத்த சீட்டுகளில் அதே எண்ணாக நின்றது.